கோப்பு ஒன்று, மரபு இரண்டு



யாழ்ப்பாணத்தவர் ஒருவரிடம் அவருடைய காணியின் அளவைக் கேட்டால், "மூன்று பரப்பு" என்பார். அதே காணியைப் பற்றிக் கொழும்பில் விசாரிப்பவர் "முப்பது பேர்ச்சஸ்" என்று சொன்னால்தான் தெளிவு பெறுவார். பரப்பு ஒன்றுக்குப் பத்துப் பேர்ச்சஸ் என்பதை அறிந்தவருக்கு இதில் வியப்பு எதுவுமில்லை. அறியாதவரோ, மூன்று எவ்வாறு முப்பதாயிற்று என்று திகைப்பார். தம்மை யாரோ ஏமாற்றுகின்றனர் என்று ஐயுறவும் கூடும். காணி வளரவுமில்லை, தேயவுமில்லை. அதனை அளந்து சொல்லும் மரபே இடத்துக்கு இடம் வேறுபட்டது.

கணினியைக் கையாளும் நம்மவர் பலர் இன்று இத்தகைய திகைப்புக்கு ஆளாகின்றனர். ஓரிடத்தில் ஒழுங்காகத் திறந்த கோப்பு, வேறோர் இடத்தில் உருக்குலைந்து தோன்றுகிறது. வீட்டில் நன்றாக இயங்கிய செயற்றிட்டம் பாடசாலையில் இயங்க மறுக்கிறது. "கணினி பழுது" என்பர் சிலர். "பிள்ளைக்கு வேலை தெரியாது" என்பர் வேறு சிலர். பெரும்பாலான வேளைகளில் இவ்விரண்டும் உண்மையல்ல. இரண்டு பணிசெயல் முறைமைகளின் மரபு வேறுபாடே அங்கு உண்மைக் காரணம். அவ்வேறுபாட்டைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

நான் கலைப்பிரிவிற் பட்டம் பெற்றவன். கணினிப் பொறியியல் கற்றவனல்லன். எனினும், இப்பொருளை விளங்கிக்கொள்ளப் பொறியியல் தேவையில்லை. சற்று வரலாற்றறிவும் பொறுமையும் இருந்தாற் போதும்.

பணிசெயல் முறைமை என்பது யாது? கணினியின் உறுப்புகளுக்கும், நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் இடையில் நின்று பணிபுரியும் அடிப்படை மென்பொருளே அது. கோப்புகளுக்குப் பெயரிட்டு வைத்தல், நேரத்தைக் கணித்தல், எழுத்துருக்களைப் பேணுதல் முதலிய பணிகள் அதன் பொறுப்பிலுள்ளன. மேசைக் கணினிகளில் நாம் மிகுதியாகக் காண்பது மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ். மற்றொன்று, பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டில் தொடக்கிவைத்த லினக்ஸ், இலவசமாகக் கிடைப்பது. லிப்ரே ஒபிஸ், பயர்பொக்ஸ் போன்ற மென்பொருள்கள் இரண்டிலும் இயங்குகின்றன. ஆயினும், ஒரே மென்பொருள் இரு வீடுகளிற் குடியிருக்கும்போது, அந்தந்த வீட்டின் பழக்கத்துக்கே அது கட்டுப்படுகிறது.

இதனை இப்பொழுது அறிந்துகொள்ள வேண்டிய அவசியம் ஒன்றுண்டு. விண்டோஸ் 10 என்னும் பதிப்புக்கு அந்நிறுவனம் வழங்கிவந்த வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவுற்றது. அதன் பின்வந்த விண்டோஸ் 11, பழைய கணினிகள் பலவற்றில் இல்லாத சில வன்பொருட் பாதுகாப்பு வசதிகளை வேண்டி நிற்கிறது. ஆகவே, நல்ல நிலையிலுள்ள பழைய கணினிகளைக் கழித்துவிட மனமில்லாதவர்களுக்கு லினக்ஸ் ஒரு வழியாக அமைகிறது. ஒரே கணினி அறையில் இரண்டு முறைமைகளும் அருகருகே இருக்கும் நிலை இதனால் ஏற்படும். அந்நிலையில் மாணாக்கரின் உழைப்பு மரபு வேறுபாட்டினால் வீணாகாமற் காப்பது பெரியோராகிய நமது கடமை.

முதலிலே பெயர்களை எடுத்துக்கொள்வோம். எமது பாடசாலையில் தரம் 11 மாணவி ஒருத்தி பனைமரத்தைப் பற்றி ஒரு சிறிய இணையப் பக்கம் ஆக்கினாள். அவள் வீட்டிலிருந்தது விண்டோஸ் கணினி. அங்கே படங்களெல்லாம் அழகாகத் தோன்றின. பாடசாலையிலிருந்த லினக்ஸ் கணினியிலோ, படங்கள் இருக்கவேண்டிய இடங்களில் வெறும் பெட்டிகளே காணப்பட்டன. பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியை உடனே புள்ளியைக் குறைக்கவில்லை. கோப்புகளைப் பொறுமையாகப் பார்வையிட்டார். படக்கோப்பின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்திலே தொடங்கியிருந்தது. பக்கத்தினுள் அம்மாணவி எழுதியிருந்த பெயரோ சிறிய எழுத்திலே தொடங்கியது. "ரீச்சர், இரண்டும் ஒரே எழுத்துத்தானே?" என்று பிள்ளை கேட்டாள்.

நியாயமான கேள்வி. விண்டோஸ் அவளுடைய கட்சியையே சேர்ந்தது. பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் எழுதியவாறே அது பேணிவைக்கும். ஆனால் ஒரு கோப்பைத் தேடும்போது, பொதுவாக அவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. லினக்ஸ் அவற்றை இரு வேறு எழுத்துகளாகவே கொள்ளும். தமிழிலே பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு இல்லை. ஆதலால் நம் பிள்ளைகளுக்கு இது புதுமையாகத் தோன்றுகிறது. நான் அவர்களுக்குச் சொல்லும் உவமை இதுதான்: 'கல்' என்பதும் 'கால்' என்பதும் நமக்கு இரு வேறு சொற்களல்லவா? குறிலையும் நெடிலையும் நாம் பிரித்தறிவதைப் போலவே, லினக்ஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் பிரித்தறிகிறது.

பெயர் பற்றிய வேறோர் இடரும் உண்டு. வினாக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக் குறி, இரட்டை மேற்கோட்குறி முதலிய ஒன்பது குறிகளைக் கோப்பின் பெயரில் இட விண்டோஸ் இடமளிப்பதில்லை. லினக்ஸோ சாய்கோடு ஒன்றைத் தவிர, கண்ணுக்குத் தெரியும் மற்றெல்லாக் குறிகளையும் ஏற்றுக்கொள்ளும். 'விடை எது?' என்று வினாக்குறியோடு ஒரு கோப்புக்குப் பெயரிட்டு அங்கே சேமித்த மாணவன், அப்பெயருடனேயே அதனை விண்டோஸ் கணினிக்குக் கொண்டுசெல்ல இயலாது. அவனுடைய விடையில் எந்தப் பிழையுமில்லை. வினாக்குறி மாத்திரமே வாயிலில் தடுக்கப்பட்டது.

சாய்கோடு என்றேன். கோப்பு எந்தக் கோப்புறையினுள் இருக்கிறது என்று வழி காட்டுவதற்கு இரண்டு முறைமைகளும் சாய்கோட்டையே பயன்படுத்துகின்றன. ஆனால் லினக்ஸின் கோடு ஒருபுறம் சாய, விண்டோஸின் கோடு மறுபுறம் சாய்கிறது. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1969 இல் தொடங்கிய யுனிக்ஸ் முறைமையின் வழக்கத்தை லினக்ஸ் தழுவியது. விண்டோஸின் முன்னோடியாகிய எம். எஸ். டொஸ் 1981 இல் வெளிவந்தபோது அதிலே கோப்புறைகள் அமைக்கும் வசதியே இருக்கவில்லை. அப்பொழுது சாய்கோடு, ஏவல்களுடன் சேர்க்கும் தெரிவுகளைக் குறிப்பதற்குப் பயன்பட்டது. இரண்டாண்டுகள் கழித்து, 1983 இல், கோப்புறைகள் வந்து சேர்ந்தன. முன்னைய கோடு ஏற்கெனவே ஒரு பணியில் அமர்ந்துவிட்டமையால், எதிர்ப்புறம் சாய்ந்த கோட்டைப் புதிய பணிக்கு அழைக்க வேண்டியதாயிற்று. இவ்வாறு அன்றைய வசதிக்காகச் செய்த ஒரு தீர்மானம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்துவிட்டது.

அடுத்து, வரியின் முடிவைப் பார்ப்போம். பழைய தட்டச்சுப் பொறியில் வேலைசெய்த இலிகிதர்கள் இதனை எளிதில் உணர்வர். ஒரு வரி முடிந்ததும் நெம்புகோலைத் தள்ளுவோம். அப்போது இரண்டு காரியங்கள் நிகழும். தாளைத் தாங்கிய பகுதி வரித்தொடக்கத்துக்கு மீளும். தாள் ஒரு வரியளவு மேலே நகரும். தொலைத்தட்டச்சுப் பொறிகளில் இவ்விரு செயல்களுக்கும் வெவ்வேறு குறிகள் வேண்டியிருந்தன. அமெரிக்காவில் 1963 இல் வெளியிடப்பட்ட அஸ்கி என்னும் குறிமுறையில், மீளும் செயலுக்கு 13 என்ற எண்ணும், நகரும் செயலுக்கு 10 என்ற எண்ணும் அமைந்தன. விண்டோஸ் இன்றும் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு குறிகளையும் இடும் மரபைப் பேணுகிறது. "திரையிலே தள்ளுவதற்கு நெம்புகோல் ஏது?" என்று கேட்பது போல, யுனிக்ஸும் அதன் வழிவந்த லினக்ஸும் 10 என்ற ஒன்றுடன் நின்றுவிடுகின்றன.

இதன் விளைவு சிறிதன்று. லினக்ஸில் எழுதிய சாதாரண எழுத்துக் கோப்பை விண்டோஸின் நோட்பாட் என்னும் மென்பொருளிலே திறந்தால், வரிகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே நீண்ட வரியாகத் தோன்றும் நிலை பல்லாண்டு காலம் இருந்தது. 2018 ஆம் ஆண்டிலேதான் நோட்பாட் மற்றையோரின் வரிமுடிவையும் படிக்கக் கற்றுக்கொண்டது. மறுபுறத்தில், விண்டோஸில் எழுதிய ஓர் ஏவற்கோப்பை லினக்ஸில் இயக்கினால், கண்ணுக்குப் புலப்படாத 13 என்ற குறி ஏவலின் வாலில் ஒட்டிக்கொண்டு, "அப்படியொரு ஏவல் இல்லை" என்ற மறுமொழியை வருவிப்பதுண்டு. மாணவன் எழுத்தெண்ணிப் பார்த்தாலும் பிழை தென்படாது. தென்படாத குறியை எவ்வாறு அவன் காண்பான்?

இனித் திறந்திருக்கும் கோப்பை நோக்குவோம். இதற்கு நூல்நிலையத்தை உவமையாகக் கொள்ளலாம். ஒரு நூலை வாசகர் ஒருவர் கையில் வைத்திருக்கிறார். அதனைப் பதிவேட்டிலிருந்து நீக்க நூலகர் விரும்புகிறார். விண்டோஸ் என்னும் நூலகர் பொதுவாக, "வாசகர் திருப்பித் தரும்வரை பெயரை வெட்டமாட்டேன்" என்பார். ஒரு மென்பொருள் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழிக்க முயன்றால், அது பயன்பாட்டில் உள்ளது என்ற அறிவித்தல் வருவது இதனாலேதான். லினக்ஸ் நூலகரோ பதிவேட்டிலே பெயரை உடனே வெட்டிவிடுவார். வாசகரின் கையிலுள்ள நூலைப் பறிக்கமாட்டார். அவர் வாசித்து முடித்துக் கீழே வைத்ததும் நூல் மறைந்துவிடும். முன்னையது அவசரத்தில் அழித்துவிடாமற் காக்கிறது. பின்னையது வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பழையதை நீக்கிப் புதியதை வைக்க உதவுகிறது. விண்டோஸில் மென்பொருட் புதுப்பிப்பின்போது கணினியை மீளத் தொடக்கவேண்டிய தேவை அடிக்கடி நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரே கணினியில் இரண்டு முறைமைகளையும் நிறுவி, வேண்டும்போது வேண்டியதைத் தொடக்குவோர் உளர். அவர்கள் காலை எட்டு மணிக்கு லினக்ஸை மூடி விண்டோஸைத் திறந்தால், கடிகாரம் இரவு இரண்டரை மணி என்று காட்டக் கூடும். வேறுபாடு சரியாக ஐந்தரை மணித்தியாலம். காரணம் யாது? கணினியை நிறுத்திய பின்பும் ஓடிக்கொண்டிருக்கும் சிறு கடிகாரம் ஒன்று அதன் உள்ளே இருக்கிறது. விண்டோஸ் அக்கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாகக் கொள்ளும். லினக்ஸ் வழமையாக அதிலே உலகப் பொது நேரத்தை வைத்து, அதனுடன் உள்ளூருக்குரிய வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும். நமது நாட்டு நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னிற்பது. ஆகவே, ஒன்று எழுதிவைத்ததை மற்றது தவறாக வாசிக்கிறது. இணைய இணைப்புள்ள இடத்தில் இது சிறிது நேரத்தில் திருத்தமடையலாம். இணைப்பில்லாத கணினியிலோ, ஒப்படைகளிற் பதியும் திகதியும் நேரமும் பிழைபடும். "நேற்றே முடித்தேன்" என்று சொல்லும் பிள்ளையைப் பொய்யனாக்க இத்தகைய ஐந்தரை மணித்தியாலம் போதும்.

உள்ளூர் நேரத்தை வைப்பதா, உலகப் பொது நேரத்தை வைப்பதா என்பதில் இரண்டு பக்கமும் நியாயமுண்டு. தனியொருவர் தம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கணினியின் நேரத்தைத் திருத்துவது எளிது. ஆனால் நாட்டின் நேரமே மாறினால்? நமது நாட்டில் 1996 ஆம் ஆண்டில் நேரம் இருமுறை மாற்றப்பட்டது. 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பியது. உலகப் பொது நேரத்தில் ஓடும் கடிகாரத்தை அத்தகைய மாற்றங்களின்போது தொடவேண்டியதில்லை. கூட்டும் கணக்கை மாற்றினாற் போதும்.

இறுதியாக, நமக்கு மிக நெருங்கிய பொருளாகிய தமிழ் எழுத்துக்கு வருகிறேன். இலங்கையிலே பாமினி என்னும் எழுத்துருவைப் பயன்படுத்திப் பல்லாண்டு காலம் தமிழ்த் தட்டச்சு நடைபெற்றது. அம்முறையில் கணினியினுள்ளே சேமிக்கப்படுவன ஆங்கில எழுத்துகளே. அவற்றின் மேல் தமிழ் வடிவம் போர்த்தப்பட்டிருக்கும். 'அம்மா' என்று நாம் காணும் சொல்லின் உள்ளே இருப்பவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகள். பாமினி இல்லாத கணினியில் போர்வை நீங்கிவிடும். பொருளற்ற ஆங்கிலக் குறிகளே எஞ்சும். பழைய விண்டோஸ் கணினியிலிருந்து லினக்ஸுக்கு மாறும் நிறுவனங்கள் முதலில் எதிர்நோக்கும் துயரம் இது. ஆண்டறிக்கைகள், கூட்டக் குறிப்புகள், நினைவு மலர்கள் எல்லாம் ஒரே நாளில் வாசிக்க முடியாதனவாகத் தோன்றும்.

அவை அழிந்துவிடவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவ்வெழுத்துருவை லினக்ஸிலும் நிறுவலாம். அதனைவிடச் சிறந்த வழி, பழைய எழுத்தை யுனிகோடுக்கு மாற்றிவைப்பது. அதற்கு மாற்றிகள் கிடைக்கின்றன. 1991 இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே யுனிகோட் தமிழுக்கு இடமளித்தது. அங்கே 'அ' என்பது எந்த முறைமையிலும் 'அ'வாகவே சேமிக்கப்படும். விண்டோஸ் 2000 பதிப்பு முதல் அம்முறைமையில் யுனிகோட் தமிழ் இடம்பெற்றுள்ளது. இன்றைய லினக்ஸிலும் அது இயல்பாகவே தோன்றும்.

யுனிகோடில் எழுதினாலும், எழுத்துருவின் அகலம் முறைமைக்கு முறைமை வேறுபடலாம். ஒரு கணினியில் இரண்டு பக்கங்களில் அடங்கிய வினாத்தாள், மற்றையதிலே மூன்றாம் பக்கத்துக்கு வழிந்தோடும். படம் ஒரு பக்கத்திலும் அதற்குரிய வினா மறுபக்கத்திலுமாகப் பிரிந்துவிடும். எழுத்துருவையும் தன்னுள்ளே பொதிந்து செல்லும் பீ.டீ.எப். வடிவம் இதற்கு ஏற்ற மருந்து. 1993 இல் அறிமுகமான அவ்வடிவம் 2008 இல் சர்வதேசத் தரமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆகவே, திருத்தவேண்டியவற்றைச் சாதாரணக் கோப்பாகவும், அச்சிடவேண்டியவற்றை பீ.டீ.எப். கோப்பாகவும் வைத்துக்கொள்வது நலம்.

நேயர்களே, இதுகாறும் கூறியவற்றிலிருந்து சில எளிய பழக்கங்களைக் கைக்கொள்ளலாம். ஒன்று: கோப்புகளுக்கு ஆங்கிலத்தில் பெயரிடும்போது சிறிய எழுத்துகளையும் எண்களையும் இணைகோட்டையும் மாத்திரம் பயன்படுத்துக, தமிழிற் பெயரிட்டாலும் நிறுத்தற்குறிகளைத் தவிர்த்துவிடுக. இரண்டு: தமிழை யுனிகோடிலேயே தட்டச்சிடுக, பழையவற்றைச் சிறிது சிறிதாக மாற்றிவைக்குக, மாற்றியதை மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கும்வரை மூலத்தை அழித்துவிடாதிருக்குக. மூன்று: ஒப்படைக்குமுன், அது திறக்கப்படவிருக்கும் முறைமையில் ஒருமுறை திறந்து பார்க்குக. நான்கு: இரு முறைமைகளும் உள்ள கணினியில், இரண்டும் ஒரே வகை நேரத்தைக் கொள்ளுமாறு அமைத்துவைக்குக.

இவை மாணாக்கருக்கு. ஆசிரியர்க்கும் அலுவலர்க்கும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. ஒரு கோப்பு திறக்கவில்லையாயின், அல்லது உருமாறித் தோன்றினால், "இது எந்தக் கணினியில் ஆக்கப்பட்டது?" என்ற கேள்வியை முதலிற் கேளுங்கள். அக்கேள்விக்கு விடை கிடைத்த பின்பு புள்ளியிடுங்கள். விண்ணப்பத்தை நிராகரிப்பதானாலும் அதன் பின்பே நிராகரியுங்கள். ஒரு பிள்ளை பல நாள் உழைத்து ஆக்கியதைச் சாய்கோடு ஒன்றின் பொருட்டோ, பெரிய எழுத்து ஒன்றின் பொருட்டோ பயனற்றதெனத் தள்ளிவிட்டால், இழப்பது புள்ளி மாத்திரமன்று. "எனக்கு இது வராது" என்ற எண்ணம் அப்பிள்ளையின் உள்ளத்தில் வேரூன்றிவிடும். அதனைப் பின்னர் பிடுங்குவது எளிதன்று.

எந்த முறைமை சிறந்தது என்று தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. ஒன்றுக்கு ஒரு காலத்தின் தேவையும், மற்றதற்கு வேறொரு காலத்தின் தேவையும் வழிவகுத்தன. ஒவ்வொன்றின் நடத்தைக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்தவனுக்கு அச்சமில்லை. நம் பிள்ளைகள் நாளை எந்த நாட்டில், எந்தக் கணினியின் முன் அமரப்போகின்றனரோ நாமறியோம். ஒரு முறைமையின் பொத்தான்களை மனனஞ்செய்த பிள்ளை, பொத்தான் இடம்மாறியதும் திகைத்து நிற்கும். வேறுபாட்டின் காரணத்தைக் கற்ற பிள்ளை புதிய முறைமையையும் சிறிது நேரத்தில் பழகிக்கொள்ளும். நமது கணினி அறைகளில் கற்பிக்கத்தக்கது இந்தப் பழகும் ஆற்றலே ஆகும்.